நமத்துப்போதலின் வரலாறு: கரிசல் வீடும் புயலும்

புயலின் வரலாறு கடற்கரையில் எழுதப்பட்டது. முதலில் இது ஒரு தகவல் மட்டுமே. குற்றச்சாட்டாக மாறுவது பிறகு. ‘சைக்ளோன்’ என்ற சொல்லை 1848இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஹென்றி பிடிங்டன், கல்கத்தாவில் கடல் விபத்துகளை விசாரித்த நீதிமன்றத்தின் தலைவர். அந்தச் சொல் வருவது கப்பலோட்டிகளுக்காக அவர் எழுதிய கையேட்டில். 1864இல் கல்கத்தாத் துறைமுகத்தைப் புரட்டிப்போட்ட புயலும் அதையடுத்து வந்த பஞ்சங்களும் சேர்ந்துதான் 1875இல் இந்திய வானிலைத் துறையைப் பிறப்பித்தன. ஆக, காற்றை அளக்கும் அறிவில் பெரும்பகுதி சரக்குக் கப்பலைக் காப்பாற்றும் தேவையிலிருந்து கிளம்பியது. இன்றைக்கும் புயல் என்றால் பாம்பனில் எத்தனையாம் எண் கூண்டு, தூத்துக்குடியில் எத்தனையாம் எண் கூண்டு என்பதுதான் செய்தி. சிவகாசிக்குக் கூண்டு கிடையாது. சாத்தூருக்கும் கிடையாது. கூண்டு இல்லாத ஊரில் புயல் அடித்ததா இல்லையா என்பதை யார் தீர்மானிப்பது?

மாவட்ட எல்லைகளின் கதையையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 1910 வரை சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் திருநெல்வேலி ஜில்லா. அந்த ஆண்டு மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து நிலம் வெட்டி இராமநாதபுரம் ஜில்லா உருவானபோது இந்தக் கரிசல் தாலுக்காக்கள் பாம்பனோடும் தனுஷ்கோடியோடும் ஒரே கோப்புக்குள் போயின. எழுபத்தைந்து ஆண்டுகள் அந்தக் குடித்தனம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி கடலுக்குள் போனது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டது. மாவட்டத்தின் நினைவில் புயல் என்றால் அந்த ரயில்தான் என்று ஆயிற்று. 1985 மார்ச் 15இல் மேற்குத் தாலுக்காக்களைப் பிரித்துக் காமராசர் மாவட்டம் என்றார்கள். 1997இல் அது விருதுநகர் மாவட்டம் ஆனது. பாகப்பிரிவினையில் கடல் அண்ணனுக்குப் போயிற்று. கடலோடு புயலும் போயிற்று. தம்பிக்குக் கிடைத்தது வறட்சி.

ஆனால் எங்கள் பக்கத்துப் பெரிய மனுஷிகளிடம் பேசிப் பாருங்கள். ‘தனுஷ்கோடி அழிஞ்ச வருசம்’ என்பது அவர்களுக்கு ஒரு தேதி. கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் அந்தத் தேதிக்கு முன்னே பின்னே கட்டப்பட்டிருக்கும். “தனுஷ்கோடி அழிஞ்ச வருசம் மார்கழியிலதான் நம்ம வீட்டு மேச்செவரு உக்காந்துச்சு” என்பார் என் அப்பத்தா. ‘விழுந்தது’ என்று சொல்லமாட்டார். கரிசலில் சுவர் விழுவதில்லை, உட்காருகிறது. கரிசல் மண் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாகப் பிளக்கும். ஆழமில்லாத அஸ்திவாரத்தின் மேல் எழுப்பிய மண்சுவரை அது மழைக்கு மழை தூக்கித் தூக்கி இறக்கும். புயலுக்கு இங்கே இரண்டு வேகம் உண்டு. காற்று ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். மண் தன் வேலையைப் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் ஆரம்பிக்கும். சேதக் கணக்கெடுக்க ஆள் வந்து போனபிறகு சுவர் உட்காரும். அரசாங்கத்தின் காலமும் மண்ணின் காலமும் வேறு வேறு.

‘வறண்ட பூமி’ என்கிற கதையாடலை இங்கே கொஞ்சம் கட்டுடைக்க வேண்டியிருக்கிறது. சிவகாசி பற்றி எழுதப்பட்ட எந்தப் பிரசுரத்தை எடுத்தாலும் முதல் பத்தி ஒன்றுதான்: மழை இல்லாத, வெயில் காயும் ஊர், அதனால் தீப்பெட்டி வந்தது, பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய கதை அடுத்த பத்தியில் வரும். (பிடிங்டன் புயலுக்குப் பெயர் வைத்த அதே ஊர். கல்கத்தா இந்தக் கட்டுரையை விடமாட்டேன் என்கிறது.) கதை பொய்யல்ல. வெயில் இல்லாமல் குச்சி காயாது, திரி காயாது. ஆனால் வெயிலைத் தொழிலுக்குக் காரணமாகச் சொல்லும் இடத்தில் வேறு பல காரணங்கள் மறைந்துபோகின்றன. மானாவாரி வெள்ளாமை பொய்த்தால் வேறு போக்கிடம் இல்லாத குடும்பங்கள், உறவின்முறை வழியாகத் திரண்ட வணிக முதல், சிறு விரல்கள்தான் வேகமாக அடுக்கும் என்ற காரணத்தால் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துவரப்பட்ட பிள்ளைகள். இவையெல்லாம் ‘தட்பவெப்பம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கி, இயற்கை ஆகிவிடுகின்றன.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் பெய்வது சுமார் 600. லண்டனை யாரும் வறண்ட பூமி என்று சொல்வதில்லை. அங்கே வெயில் வேறு, ஆவியாவது வேறு என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான். ஆனால் நான் சொல்ல வருவது, இங்கே மழை இல்லாமல் இல்லை என்பது. அது நனைத்து நனைத்துப் பெய்வதில்லை, அடித்துப் பெய்கிறது. சித்திரை, வைகாசியில் சாயங்காலத்துக் கோடை இடி. புரட்டாசியில் மறுபடி இடி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தின் அடைமழை. அப்புறம் எங்கோ வங்காள விரிகுடாவில் சுழன்று கரையேறி, வலுவிழந்தது என்று வானொலி கைகழுவிய பிறகு உள்நாட்டுக்குள் வந்து கொட்டுகிற கடைசி ராத்திரி. வலுவிழந்த புயலைத்தான் எங்களுக்குத் தெரியும். ‘வலுவிழந்த’ என்பது கப்பலை வைத்துச் சொல்வது, தகரக்கூரையை வைத்துச் சொல்வதல்ல.

1876–78 தாது வருஷப் பஞ்சம் பற்றி மைக் டேவிஸ் 2001இல் வந்த தன் புத்தகத்தில் செய்த வாதம் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. மழை பொய்த்தது இயற்கை. ஜனங்கள் செத்தது சந்தையும் சாம்ராஜ்யமும் செய்த வேலை. வறட்சியை அப்படி வாசிக்கப் பழகிவிட்டோம். மழையை அப்படி வாசிக்க இன்னும் பழகவில்லை.

இனி வீட்டுக்குள் போகலாம்.

1970களிலும் 80களிலும் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி சுற்றுக் கிராமங்களில் வீடு என்பது சமைத்து உண்டு உறங்கும் இடம் மட்டுமல்ல. தீப்பெட்டி ஆபீஸ் தன் வேலையில் ஒரு பாதியை வீடுகளுக்குள் இறக்கிவைத்திருந்தது. (தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். வேலைக்குப் போகிறவர்களெல்லாம் ஆபீசுக்குப் போகிறவர்கள்.) மரச்சீவலும் நீலத்தாளும் ஏஜெண்ட் மூலம் வீட்டுக்கு வரும். மைதாப் பசை காய்ச்சி அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டிக் காயவைத்து, குரோஸ் கணக்கில் எண்ணிச் சாக்கில் கட்டித் திருப்பிக்கொடுக்க வேண்டும். ஒரு குரோஸ் என்றால் 144. கூலி குரோசுக்கு. முன்பணம் வாங்கியிருந்தால் அதில் கழியும். ஆளுக்கு ஒரு சிட்டை.

புயல் அடிக்கிற ராத்திரியில் இப்படிப்பட்ட வீட்டுக்குள் என்ன நடந்தது? நாட்டு ஓட்டுச் சந்து வழியாக ஒழுகும். குண்டான், சட்டி, அண்டா என்று இருக்கிற பாத்திரமெல்லாம் ஒழுக்குக்குக் கீழே வரிசையாக உட்காரும். தகரம் போட்ட வீடென்றால் மேலே கல் ஏற்றியிருக்கும். காற்று பலமானால் உத்திரத்தோடு சேர்த்துக் கயிறு கட்டுவார்கள். வாசலில் கடப்பாரையையோ உலக்கையையோ தூக்கிப் போடுவார்கள், இடி அதில் இறங்கிக்கொள்ளும் என்று. ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று கிழவிகள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சிவகாசிப் பக்கம் ஓடுகிற ஆற்றுக்கும் அர்ச்சுனா நதி என்றுதான் பெயர். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பதை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு அரிக்கேன் விளக்கு எரியும். மேற்கே புயலுக்கு வழங்கும் பெயர் எங்கள் ஊருக்கு விளக்கின் பெயராகத்தான் வந்து சேர்ந்தது. அதைப் பற்றவைக்கத் தீக்குச்சி உரசினால் பற்றாது. நமத்துப்போயிருக்கும். நாடு முழுக்க அடுப்புப் பற்றவைக்கக் குச்சி அனுப்புகிற ஊரில், மழைநாளில் அடுப்புப் பற்றவைக்கக் குச்சி இல்லை.

இதெல்லாம் எந்தக் குடிசையிலும் நடப்பதுதான். கரிசல் வீட்டுக்கே உரியது அடுத்து வருவது. வீட்டில் ஒழுகாத மூலை ஒன்று இருக்கும். ஒரு கட்டில் இருக்கும். அந்த மூலையில் அந்தக் கட்டிலின் மேல் ஏறுவது யார்? பெட்டிச் சாக்கு. ஒட்டி முடித்த பெட்டி, ஒட்டாத தாள், சீவல் எல்லாம் சாக்கில் கட்டி அங்கே ஏறும். சேலை, போர்வை, பிளாஸ்டிக் தாள் எது இருக்கிறதோ அதைக் கொண்டு மூடுவார்கள். பிள்ளைகள் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும். இதை எனக்குச் சொன்ன அத்தை ஒருத்தி, வருத்தத்தோடு சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “பிள்ளைக நனைஞ்சா தொவட்டிக்கிரலாம்யா. பெட்டி நனைஞ்சா என்ன செய்ய?”

இந்த வாக்கியத்தைத் தாய்மையின் மறுப்பு என்று வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். எனக்கு இது சொத்துறவு பற்றிய மிகத் துல்லியமான வரையறை. நனைந்த பெட்டி யாருடையது? தாளும் சீவலும் முதலாளியுடையவை. ஆனால் நமத்துப்போன பெட்டியை ஏஜெண்ட் ‘தள்ளுபடி’ என்று திருப்பிவிடும்போது அது ஒட்டியவளுடையதாகிவிடுகிறது. பொருள் காய்ந்திருக்கும்வரை அவனுடையது, நனைந்த நிமிஷத்திலிருந்து அவளுடையது. முதலாளி கூரை வேயவில்லை, வாடகை தரவில்லை, ராத்திரி கண்விழிக்கவில்லை; ஆனாலும் அந்த வீடு அவருடைய கிட்டங்கி. கூலிக்கு ஒட்டியவள் கூலியில்லாமல் காவலும் காத்தாள். புயலில் போகும் நஷ்டத்தைக் கூலிக்காரியின் தலையில் கொண்டுபோய் இறக்கும் இந்த ஏற்பாட்டை விளக்கப் பெரிய கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஒரு கட்டிலும் ஒழுகும் கூரையும் போதும்.

சட்டமும் இந்த ஏற்பாட்டுக்குத் துணைநின்றது. 1983இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் சிவகாசிக் குழந்தை உழைப்பைப் பற்றி ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. 1986இல் குழந்தை உழைப்புத் தடைச் சட்டம் வந்தது. அதில் ஒரு விலக்கு இருந்தது: குடும்பத்தார் துணையோடு வேலை நடக்கும் பட்டறைக்குத் தடை பொருந்தாது. 1991 ஜூலையில் மீனம்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தபிறகு உச்சநீதிமன்றம் தலையிட்டது, எம்.சி. மேத்தா தொடுத்திருந்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பும் வந்தது. விவாதம் முழுக்க ஆபீசைச் சுற்றி நடந்தது. வீட்டின் நிலைப்படிக்கு வெளியே சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. வீடு புனிதமான வெளி அல்லவா!

ஆபீசில் புயல் எப்படி நுழைந்தது என்பது வேறு கதை. வெடிபொருள் விதிகளில் இடிமழைக்கென்று ஒரு ஏற்பாடு உண்டு. இடிமழை நெருங்குகிறது என்று தெரிந்தால் ஆலையிலும் கிட்டங்கியிலும் இருப்பவர்கள் அனைவரும் பாதுகாப்பான தூரத்துக்கு விலக்கப்பட வேண்டும்; இடி ஓயும்வரை, அபாயம் நீங்கும்வரை திரும்பக்கூடாது. நல்ல விதி. மின்னல் விழுந்து ஆலை அறைகள் தரைமட்டமான செய்திகளைப் படித்து வளர்ந்த எங்களுக்கு அதன் அவசியம் தெரியும். ஆனால் ‘பாதுகாப்பான தூரம்’ எங்கே இருக்கிறது? பயர் ஆபீஸ் ஊருக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும். அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்ட கட்டிடங்கள், சுற்றி முள்வேலி, கேட். காலையில் கொண்டுவந்து இறக்கிய வேன் சாயங்காலம்தான் திரும்ப வரும். வீடு இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி. எனவே இடி இடிக்கும்போது பெண்கள் போய் நின்றது வேப்பமரத்தடியில். மின்னலுக்கு மரத்தடியைவிட மோசமான இடம் கிடையாது என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். சரக்கு இருக்கும் கட்டிடத்துக்கு இடிதாங்கி உண்டு.

தூரம் பற்றிப் பேசும் அந்த விதி கூலி பற்றிப் பேசுவதில்லை. அது வெடிபொருளுக்கான விதி. கூலி அதன் விஷயமல்ல என்று ஒரு வக்கீல் நண்பர் எனக்கு விளக்கினார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவளுக்குப் பாதுகாப்பும் கூலியும் ஒன்றையொன்று தின்னும் இரண்டு விலங்குகள். இரண்டு மணிநேரம் வெளியே நின்றால் அன்றைய எண்ணிக்கை போயிற்று. இடி ஓய்ந்ததா என்று யாரும் காத்திருப்பதில்லை. தூறல் நின்றதும் உள்ளே ஓடுகிறார்கள். தீபாவளி ஐப்பசியில். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு வியாபாரம் தொடங்கிவிடும். அதற்கப்புறம் ஒவ்வொரு இடிமழை நாளும் வடக்கே போக வேண்டிய லாரியைத் தாமதிக்கும் நாள். தாமதத்தை ஈடுகட்டுவது விரல்கள்தான்.

‘நமத்துப்போதல்’ என்ற சொல்லுக்கு இங்கேதான் இரண்டு அர்த்தங்கள் பிரிகின்றன. வாங்குகிறவருக்கு நமத்த பட்டாசு வெடிக்காத பட்டாசு. திரி கருகும், புகையும், அணையும். கடைக்காரனைத் திட்டிவிட்டு அடுத்ததைக் கொளுத்தலாம். மருந்து கலக்குகிறவருக்கு ஈரம் பட்ட மருந்து தானாக எரியக்கூடிய மருந்து. அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் வினை தொடங்கும். நைட்ரேட் உப்போடு அது கலந்திருந்தால் சூடு ஏறும், அம்மோனியா நெடி வரும். சூடு வெளியேற வழியில்லாமல் குவியலாகக் கிடந்தால் நெருப்பே இல்லாமல் பற்றும். இதைத் தடுக்கத்தான் கலவையில் போரிக் அமிலம் சேர்ப்பது. இதற்காகத்தான் கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை ராத்திரி வைக்காமல் அழித்துவிட வேண்டும் என்பது. பாதி வேலையில் இடிமழை வந்து எல்லோரையும் வெளியே துரத்தினால் அந்த மிச்சம் என்ன ஆகும்? மறுநாள் காலை கதவைத் திறக்கிறவருக்கு முன்னால் என்ன கிடக்கும்?

புயலுக்குப் பிந்திய துப்புரவு என்றால் மற்ற ஊர்களில் சேறு அள்ளுவது, மரம் வெட்டுவது, துணி காயப்போடுவது. பட்டாசு வட்டாரத்தில் துப்புரவு என்பது தொழிலின் மிக அபாயமான வேலை. நனைந்ததை எடுப்பது, உலர்ந்ததிலிருந்து பிரிப்பது, தரையில் சிதறியதைக் கூட்டுவது. கூட்டும்போது உரசும். இந்த வேலைக்குப் பீஸ் ரேட் கிடையாது, ஏனென்றால் எண்ணிக் காட்ட எதுவும் மிஞ்சாது. “மருந்து செலுத்துனா கணக்கு இருக்கு, கூட்டுனா என்ன கணக்கு?” என்று ஒரு அக்கா கேட்டார். மூத்த பெண்கள், வேகம் குறைந்த பெண்கள், புதிதாக வந்தவர்கள்தான் பெரும்பாலும் துடைப்பத்தை எடுத்தார்கள்.

விபத்து நடந்தால் மறுநாள் பேப்பரில் காரணம் ஒரே சொல்லில் வரும்: உராய்வு. ‘மருந்தில் ஏற்பட்ட உராய்வு காரணமாக.’ 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12இல் அச்சன்குளம், எதை எடுத்தாலும் இந்தச் சொல்லைக் கடக்காமல் போக முடியாது. அந்த விபத்துகளுக்கு மழைதான் காரணம் என்பதல்ல என் வாதம். சொல்லின் அரசியல்தான் இங்கே விஷயம். உராய்வு என்றால் ஒரு கை வேண்டும். கை என்றால் அது தொழிலாளியின் கை. ஆக, காரணம் எப்போதும் கையில் போய் நிற்கிறது. ஈரம், அவசரம், நேற்றைய மிச்சம், ஒரு அறையில் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்த ஆட்கள், உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை குத்தகைக்காரர் பெயரிலும் நடப்பது, இவற்றுக்கெல்லாம் கை கிடையாது.

வீட்டுக்குள் தீப்பெட்டி ஒட்டிய காலம் அட்டைப்பெட்டியும் இயந்திரமும் வந்தபிறகு பெரும்பாலும் முடிந்துவிட்டது. அந்த வெற்றிடத்தில் சில ஊர்களில் வேறொன்று நுழைந்தது. வெம்பக்கோட்டை, தாயில்பட்டி வட்டாரத்தில் வீட்டில் வைத்துத் திரி உருட்டுவதும் வெடி கட்டுவதும் போலீஸ் வழக்குகளாக அடிக்கடி வெளிவருகின்றன. 2021 ஜூனில் தாயில்பட்டியில் ஒரு வீடே வெடித்துச் சிதறியது. இறந்தவர்களில் குழந்தையும் உண்டு. அந்த வீடுகளை நினைக்கும்போது எனக்கு அந்தக் கட்டில்தான் கண்முன் வருகிறது. முன்பு ஒழுகாத மூலையில் இருந்தது தாள். இப்போது இருப்பது மருந்து. மழை ராத்திரியில் அந்த மூலைக்குத் தண்ணீர் வந்தால் பிள்ளைகளைத் துவட்டுவதற்கு நேரம் இருக்காது. சட்டம் இந்த முறை நிலைப்படியில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, வீட்டுக்காரியைக் குற்றவாளி என்று எழுதிக்கொண்டு போகிறது. ஆர்டர் கொடுத்தவர் அந்த வீட்டில் குடியிருப்பதில்லை.

சேற்றைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியாது. கரிசல் சேறு ஒட்டினால் விடாது. மழை நின்றபின் பெண்கள் சிரட்டையால் தரையைச் சுரண்டி, சாணி மெழுகி, சுவர்ப் பிளவில் மண் அப்புவார்கள். அது அவரவர் வீட்டுச் சேறு. தெருச் சேறும் சாக்கடையும்? விருதுநகரிலும் சிவகாசியிலும் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் சாக்கடைக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் அருந்ததியர். அவர்களுடைய குடியிருப்புகள் பெரும்பாலும் ஓடைக்கரையிலோ கண்மாய்த் தாழ்விலோ இருந்தன. முதலில் தண்ணீர் ஏறியது அங்கேதான். தன் வீட்டில் முழங்கால் தண்ணீர் நிற்க, ஊர்ச் சாக்கடையின் அடைப்பை எடுக்கப் போக வேண்டியிருந்தது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்து 1993லும் 2013லும் சட்டம் போட்டாயிற்று. சிவகாசி 2021இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. அடைமழை நாளில் யார் இறங்குகிறார்கள் என்று போய்ப் பார்க்கலாம். புயல் எல்லோருக்கும் பொது, இயற்கைக்குச் சாதி தெரியாது என்று மேடையில் பேசும் தோழர்கள் ஓடைக்கரைப் பக்கம் ஒரு நடை போய்வருவது நல்லது.

அரசு வருவது பற்றி. 1955 டிசம்பர்ப் புயலில் இராமநாதபுரம் மாவட்டம் துண்டுபட்டுக் கிடந்தபோது முதல்வர் காமராசர் தண்ணீருக்குள் இறங்கி நடந்தே கிராமங்களுக்குப் போனார் என்பது விருதுநகரில் இன்றும் சொல்லப்படும் கதை. அவருக்குரிய மரியாதையில் எனக்குக் குறைவில்லை. ஆனால் அதற்குப்பின் ‘தண்ணீரில் நடக்கும் தலைவர்’ என்பது ஒரு படிமமாக உறைந்துவிட்டது. படிமத்துக்குத் தண்ணீர் வேண்டும், படகு வேண்டும், கடல் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. நமத்துப்போன சாக்கு படத்தில் விழாது.

2023 டிசம்பர் 17, 18இல் தெற்கே கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றது. இந்த முறை கடல் அதைக் கொண்டுபோகவில்லை. குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய், பாதிப்புக் குறைந்த இடங்களில் 1,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கான அறிவிப்பு அது. கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. சாத்தூர் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருபதுச் சொச்சம் கிலோமீட்டர், ஒரே கரிசல், ஒரே தீப்பெட்டி, ஒரே வானம். 1910இல் ஒரு கோடு, 1985இல் ஒரு கோடு. புயல் எந்த வீட்டில் அடித்தது என்பதைக் கோடு தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. அதிகம் இழந்தவர்களுக்கு அதிகம் கொடுத்ததை யாரும் தப்புச் சொல்ல முடியாது. என் புகார் வேறு: கோட்டுக்கு அந்தப் பக்கமும் சரி, இந்தப் பக்கமும் சரி, கூலி போனது கணக்கில் வரவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் கொண்டுவரும் படிவத்தை யோசித்துப் பாருங்கள். குடிசை முழுச் சேதம், பகுதிச் சேதம். மாடு, ஆடு, கோழி. பயிர். உயிர். மத்திய அரசு 2015–20 காலத்துக்கு வகுத்த நிவாரணப் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, ஆலங்கட்டி, பூச்சித்தாக்குதல், பனிக்குளிர் எல்லாம் உண்டு. மின்னல் இல்லை, மாநிலங்கள் வேண்டுமானால் தங்கள் பொறுப்பில் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். காட்டில் நின்ற ஆட்டுக்கு ஒரு பத்தி இருக்கிறது. நான்கு நாள் இடிக்கு வெளியே நின்றவளுக்குப் பத்தி இல்லை.

கரிசலின் புயல் வரலாற்றை எழுத ஆவணம் எங்கே என்று என்னைக் கேட்ட ஒரு ஆய்வு மாணவரிடம் சிட்டைகளைத் தேடச் சொன்னேன். பெட்டி ஒட்டிய வீடுகளில் பழைய சிட்டைகள் இன்னும் சில டிரங்குப் பெட்டிகளின் அடியில், ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் கீழே கிடக்கின்றன. தேதி, வாங்கிய தாள், கொடுத்த குரோஸ், முன்பணம், பாக்கி. ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் தேதி தொடர்ந்து போகும், எதிரே எண் இருக்காது. ஒரு சின்னக் கோடு. கோடுகள் முடிந்தபின் ‘தள்ளுபடி’ என்று ஏஜெண்டின் கையெழுத்தில் ஒரு வரி. அதற்கு அடுத்த வாரம் முன்பணம் கூடியிருக்கும். வானிலைத் துறையின் மழைப் பதிவேட்டை ஒரு பக்கத்திலும் இந்தச் சிட்டையை மறுபக்கத்திலும் வைத்து வாசிக்கலாம். எந்தப் புயலுக்கு எந்த வீடு எவ்வளவு கடன்பட்டது என்பதை ரூபாய், பைசாவில் எழுத முடியும். பட்டாசுத் தொழிலாளர்கள் இடிநாள் கூலி கேட்டுப் பேச உட்காரும்போது மேஜையில் வைக்கவும் அது உதவும். அந்த மாணவர் இதுவரை ஏழு சிட்டைகள் சேர்த்திருக்கிறார். அதில் இரண்டு நனைந்து ஒட்டிக்கொண்டு பக்கம் பிரிக்க முடியாமல் இருக்கின்றன.